ஏழாவது பலகை கோழிப்பண்ணையைப் பார்க்கிறது

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொட்டைமாடி டிஷ்ஷைத் திருப்பியது. ஐப்பசி மழைக்கு முன்பு அடித்த காற்றில் அது வேறு பக்கம் திரும்பிவிட்டது. டிவியில் நீலத் திரையும் ‘சிக்னல் இல்லை’ என்ற வரியும் மட்டும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அப்பா மாடியில் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து சிக்னல் அளவைப் படித்தேன். அப்பாவுக்கு இடது காது மந்தம். என் குரல் மேலே எட்டாது. அதனால் அம்மா வாசலில் நின்று நான் சொன்னதை மேலே அனுப்பினாள்.

“நாப்பத்திரண்டு,” என்றேன்.

“நாப்பத்திரண்டாமா!” என்று அம்மா மேலே பார்த்துக் கத்தினாள்.

“கூடுதா, கொறையுதா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“கூடுது. அம்பது. அம்பத்தஞ்சு. அறுவத்தெட்டு. நிறுத்தச் சொல்லும்மா. தாண்டிருச்சு.”

“தாண்டிருச்சாமா! ஏனுங்க, பொண்ணு சொல்றதுக்கு முன்னால நிறுத்தமாட்டீங்களா?”

“சொல்றதுக்கு முன்னால எப்படிடி நிறுத்தறது?”

தவறு அவருடையது அல்ல. டிஷ் அசைந்து இரண்டு விநாடி கழித்துத்தான் டிவியில் எண் மாறும். அது எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. மூன்று முறை தாண்டிய பிறகு அவரே கண்டுபிடித்தார். ஒரு விரல்கடை திருப்புவது, நிற்பது, காத்திருப்பது, பிறகு இன்னொரு விரல்கடை. நான்காவது முறை எண்பத்தொன்றில் நின்றது. நட்டை முடுக்கிவிட்டு இறங்கி வந்தார்.

“படம் வருதா?”

“வருதுங்கப்பா.”

“அப்பச் செரி.”

அவர் டிவி பார்ப்பதில்லை. கை கழுவப் போய்விட்டார். புதன்கிழமை இறந்துபோனார். டிஷ் இன்னும் எண்பத்தொன்றில்தான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அப்பா பெயர் செங்கோட்டையன். வயது அறுபத்தொன்று. ஊர் புதுச்சத்திரம். எட்டாம் வகுப்பு வரை படித்தார். ஐந்து வருடம் போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் வரை போய் வேலை பார்த்தார். இடது காதை அங்கே விட்டுவிட்டு வந்தார். பிறகு கல்யாணம். அதற்கடுத்த வருடம் சாலையோரம் பலகை நடும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தார். பள்ளி, வேகத்தடை, வளைவு, குறுகிய பாலம், ஊர்ப் பெயர் எல்லாம் நட்டார். முப்பத்துமூன்று வருடம் அதே வேலை. கடைசிப் பத்து வருடம் மேஸ்திரி.

அவரோடு பேருந்தில் போவது ஒரு மாதிரியானது. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவார். ஒவ்வொரு பலகைக்கும் இரண்டே தீர்ப்புகள்தான்: “பாக்குது.” அல்லது, “பாக்கல.” பலகை வருகிறவனைப் பார்க்க வேண்டும். வயலைப் பார்க்கக்கூடாது, வானத்தைப் பார்க்கக்கூடாது. எதிரே வருகிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய தொழில் கொள்கை. இது வீட்டிலும் தொடர்ந்தது. எருமப்பட்டியில் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் போனபோது வரவேற்பு பேனர் மண்டபத்தைப் பார்த்துக் கட்டியிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை அவிழ்த்துப் பேருந்து நிறுத்தத்தைப் பார்க்கும்படி கட்டினார். முகூர்த்தம் முடிந்திருந்தது. அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், “மாமா வந்துட்டாருங்க, பேனரைப் புடிச்சுக்குங்க” என்று சொந்தக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். பேனரை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

பலகை வைப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கம்பத்தைக் குழியில் நிறுத்தி, பலகையைக் கிளாம்ப்பில் தளர்வாக மாட்டி, உதவிக்கு இருக்கும் தனசேகரைப் பக்கத்தில் நிற்க வைப்பார். பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு வளைவுக்கு முன்னால் நூறு அடி போய், வண்டியில் உட்கார்ந்தபடியே பார்ப்பார். கையால் சைகை காட்டுவார். தனசேகர் திருப்புவார். பலகை பார்த்ததும் அப்பா கையைத் தூக்குவார். அடுத்து, சாமான் ஏற்றி வந்த டெம்போவின் மேல் ஏறி நின்று லாரி டிரைவர் உயரத்திலிருந்து இன்னொரு முறை பார்ப்பார். சாயங்காலம் விளக்கு போட்டு மூன்றாவது முறை. பிறகு நட்டை முடுக்கி, வெளியே நீளும் போல்ட்டின் திருகு மரையைச் சுத்தியலால் நசுக்கிவிடுவார். அப்படிச் செய்யாவிட்டால் பலகை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அவர் நசுக்கிய போல்ட்டை இதுவரை எவனும் கழற்றியதில்லை என்று ஒப்பந்தக்காரரே சொல்வார்.

கோணம் என்று எதையும் அவர் அளந்ததில்லை. ஒரே ஒருமுறை அளந்தார்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, அனிமேஷன் படித்து, சேலத்தில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். கம்ப்யூட்டருக்குள் மிளகாய் நெடி வரும் ஒரே அனிமேஷன் அலுவலகம் இதுவாகத்தான் இருக்கும். இன்னும் போடாத சாலை, இன்னும் கட்டாத மண்டபம் ஆகியவற்றைப் படமாக ஓட்டிக் காட்டுவது எங்கள் வேலை. அதோடு வரைபடங்களும் தருவோம்.

சாலையைப் படமாக்கும்போது முதலில் ஒரு வளைந்த கோடு வரைவோம். காரை அந்தக் கோட்டில் மாட்டிவிட்டால் கோட்டின் மேலேயே போகும். ஆனால் அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கார் வடக்கையே பார்த்தபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும். அதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால், கோடு எந்த இடத்தில் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக்குப் பொருளும் தானாகத் திரும்பிக்கொள்ளும். கார், பேருந்து, கேமரா, நடுக்கோட்டுக் கல், தடுப்புக் கம்பி எல்லாவற்றுக்கும் டிக். ஒரு நாளைக்கு ஐம்பது முறை அந்த டிக்கைப் போடுவேன். கை தானாகப் போடும்.

நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரியும் ஒரு கிளைச்சாலையை அகலப்படுத்தினார்கள். அதில் நரிக்கரட்டு வளைவு என்று ஒன்று உண்டு. ஒரு பாறைக் கரட்டைச் சுற்றி இடதுபுறமாகத் திரும்பும். வளைவின் வெளிப்புறத்தில் ஏழு அம்புப் பலகைகள். அந்த வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் மேசைக்கு வந்தது. ஏழு பலகைகளையும், முகம் வருகிறவன் பக்கம் இருக்கும்படி, சாலை பத்துப் பாகை திரும்பும் இடத்துக்கு ஒன்றாகக் கோட்டில் மாட்டினேன். டிக் போட்டேன்.

கார் போகிற திசையைப் பார்க்க வேண்டும். பலகை எங்கேயும் போவதில்லை. வருகிறவன் எங்கிருந்து வருகிறானோ அங்கே பார்க்க வேண்டும். இதை இப்போது இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அன்று தோன்றவில்லை. சாலை வளைய வளைய, டிக் போட்ட பலகைகளும் கூடவே வளைந்து திரும்பிக்கொண்டே போயின. ஏழாவது பலகை சாலையை விட்டுவிட்டு, கிழக்கே இருந்த கோழிப்பண்ணையைப் பார்த்தது.

படத்தில் இது தெரியவில்லை. காரணம், இரவுக் காட்சிக்காக நான் பலகைகளுக்குத் தானாக ஒளிரும் பூச்சு கொடுத்திருந்தேன். உண்மையான பலகை, விளக்கு அடித்தவனுக்குத்தான் ஒளியைத் திருப்பித் தரும். என்னுடையவை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் டியூப்லைட் போல எரிந்தன. ஏழும் வரிசையாக மின்னின. எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டில் அப்பாவுக்கும் போனில் காட்டினேன். இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

அந்த வளைவில் பலகை நடும் வேலை அப்பாவின் ஒப்பந்தக்காரருக்கே போனது. வரைபடத்தின் கீழ் மூலையில், ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில், செ. தனப்பிரியா என்று இருந்தது. அதை அப்பா டீக்கடையில் விரித்துக் காட்டியதாக அம்மா சொன்னாள். மேலே டீ கொட்டாமல் இருக்க இரண்டு பேரை நகரச் சொன்னாராம். பிறகு புத்தகக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஜியோமெட்ரி பெட்டி ஒன்று வாங்கினார். அதிலிருந்த பாகைமானிக்காக.

வேலைத்தளத்தில் நடந்ததைத் தனசேகர் பிற்பாடு எனக்குச் சொன்னார். அவர் அப்பாவிடம், “ஏனுங்கண்ணா, எப்பவும்போலப் பாத்து வெச்சுக்கலாமுங்களே” என்றிருக்கிறார்.

“டேய், இது நம்ம அம்மிணி வரைஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் அளவு போட்டிருக்குது. கண்ணுல பாக்கறது இதுக்கு ஆகாது.”

“அஞ்சாவது பாக்கறாப்புல இல்லீங்களேண்ணா.”

“அளவு சரியா இருக்குதா?”

“சரியா இருக்குதுங்க.”

“அப்பறம் என்ன, முடுக்கு.”

மொபெட்டில் போய்ப் பார்க்கவில்லை. டெம்போவில் ஏறவில்லை. வரைபடத்தில் இருந்தபடி ஏழையும் வைத்து, முடுக்கி, போல்ட்டை நசுக்கினார். இது நடந்தது போன தை மாதம்.

மறுநாள் சாயங்காலம் அந்த வழியாக விளக்கு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நாலு பலகை பார்த்தன. மூன்று பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சித்திரையில் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டார். நாங்கள் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

ஆவணிக் கடைசியில் ஒரு விடியற்காலை தூறலில், பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் சின்னண்ணன் என்பவர் அந்த வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டார். வேகம் அதிகம் இல்லை. தோளில் காரை எலும்பு முறிந்தது. மூன்று கேன் பால் கடலைக்காட்டில் கொட்டியது. அவர் அந்த ஊர்க்காரர்தான். ஆனால் அகலப்படுத்திய பிறகு வளைவு பழைய இடத்தில் இல்லை. போர்டைப் பார்த்துத்தான் திரும்பவேண்டியிருந்தது என்றும், நாலு போர்டோடு வளைவு முடிந்துவிட்டது என்று நினைத்து வண்டியை நிமிர்த்திவிட்டதாகவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னார். அப்பா பக்கத்தில் நின்று கேட்டார்.

அந்த வாரம் நான் ஊருக்கு வந்தபோது சோறு உண்டுகொண்டிருக்கையில் ஆரம்பித்தார்.

“அம்மிணி, அந்த ஏழு போர்டுல நாலு பாக்குது. மூணு பாக்கல.”

“வரைபடத்துல இருக்கற மாதிரி வெச்சீங்களாப்பா?”

“ஒரு பாகை பிசகில்ல.”

“அப்பறம் என்னுங்க?”

“அதான் சொல்றேன். பிசகில்லாம வெச்சுப்புட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. வரைபடம் சரி என்றேன். மென்பொருள் போட்ட கணக்கு என்றேன். அவர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

“எப்பங்க தெரிஞ்சுது?”

“வெச்ச மக்யாநாளே தெரிஞ்சுது.”

“எட்டு மாசமா ஏன் சொல்லலீங்க?”

“நீ காட்டுன படத்துல ஏழும் நல்லாத்தானே மின்னுச்சு. எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். கண்ணாடி போட்டுப் பாத்தேன். அப்பவும் மூணு பாக்கல.”

அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். “அதுக்கா கண்ணாடி? நான் என்னமோ பேப்பர் படிக்கறதுக்குன்னு நெனச்சேன்” என்றாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். பலகைகளின் ஒளிரும் பூச்சை எடுத்தேன். ஒரு மொபெட் விளக்கை வைத்தேன். கேமராவை மொபெட்டில் உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு இறக்கினேன். காலை பதினொன்றரை மணி. கீழே மளிகைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரையில் இருட்டாக்கினேன். ஒன்றிலிருந்து நான்கு வரை மின்னின. ஐந்தாவது மங்கல். ஆறாவது இருப்பதே தேடினால்தான் தெரிந்தது. ஏழாவது கறுப்புத் தகடு.

கணக்கு எளிது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, ஒவ்வொரு பலகையும் சாலை திரும்பியதில் பாதிதான் திரும்பியிருக்க வேண்டும். முழுவதும் திரும்பியிருந்தது. ஐந்தாவதை இருபத்தைந்து பாகை பின்னால் திருப்ப வேண்டும். ஆறாவதை முப்பது. ஏழாவதை முப்பத்தைந்து. டிக்கை எடுத்துவிட்டு, பலகைகளை வருகிறவன் பக்கம் பார்க்கச் சொன்னால் மென்பொருளே செய்யும். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு கட்டங்களும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருக்கின்றன.

எங்கள் அலுவலகத்தை நடத்துகிறவர் ஜெகதீஸ்வரன். நல்ல மனிதர். அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“யாருக்காச்சும் ஏதாவது ஆயிருச்சுங்களா?”

“ஒருத்தருக்குத் தோள் எலும்பு போயிருச்சுங்க சார்.”

“அவரு எதாச்சும் எழுதிக் குடுத்திருக்கறாருங்களா?”

“இல்லீங்க.”

“வேல முடிஞ்சு ஃபைல மூடிட்டாங்க, தனப்பிரியா. நாமளாப் போயி நம்ம தப்புன்னு சொன்னா அடுத்த வேலைக்கு நம்மளக் கூப்பிடுவாங்களா? இந்த மாடியில நாலு பேரு இருக்கறீங்க. அடுத்த பராமரிப்பு வேலை வரும்போது சேத்துக்கலாம்.”

“எப்பங்க வரும்?”

“ரெண்டு வருசத்துல.”

நானே சாலை அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். வேண்டாம் என்றார்.

“உன்ற பேரு அந்தத் தாள்ல கீழ் மூலையில இருக்குது.”

“இருந்தா இருக்கட்டுங்கப்பா. தப்பு என்னுதுதானே.”

“நானுந்தான் பாக்காம வெச்சேன். பேரு அங்கயே இருக்கட்டும் சாமி. போர்டைத் திருப்பிப்போட்டா வேல முடிஞ்சுது.”

அடுத்த வாரமே ஆரம்பித்தார். ஒரு பலகைக்கு இரண்டு யு கிளாம்ப், நான்கு நட்டு. ஸ்பேனரைப் போட்டார். வரவில்லை. மரையை நசுக்கியிருந்தது அவரேதான். ஆக்சா பிளேடு வைத்து ஒவ்வொன்றாக அறுக்கவேண்டியிருந்தது. வழியில் போனவர்கள் நின்று கேட்டார்களாம். “போர்டு பாக்க மாட்டேங்குது” என்றாராம். கையில் ஆக்சாவோடு அரசாங்கப் பலகைக்கு அடியில் உட்கார்ந்திருந்த மனிதரை அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒருவர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்தால் தனசேகருக்கு வேலை போகும் என்று அவரைக் கூப்பிடவில்லை. தோளில் பட்டை போட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த சின்னண்ணனைக் கூப்பிட்டார். வளைவுக்கு முன்னால் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு, சின்னண்ணனை அதில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டுவிட்டு அப்பா பலகைக்கு நடந்து போனார். சின்னண்ணன் ஒரு கையால் சைகை காட்டியது போதவில்லை. கத்தினார்.

“இக்கட்டால, இந்தப் பக்கமுங்க! இன்னுங் கொஞ்சமுங்க! ஐயோ, அவ்வளவு வேண்டாமுங்க! அட, பாக்குதுங்க! பாக்குதுங்கண்ணா!”

ஐந்தாவதுக்கு ஒரு சாயங்காலம், ஆறாவதுக்கு ஒரு சாயங்காலம். புரட்டாசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இடையில் மழை. ஒவ்வொன்று முடிந்ததும் எனக்குப் போன் செய்து, “அஞ்சு பாக்குது,” “ஆறு பாக்குது,” என்று மட்டும் சொன்னார்.

டிஷ்ஷைத் திருப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, கை கழுவிவிட்டு வந்து துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“சின்னண்ணன் அவன் புள்ளயோட பிரசவத்துக்கு ராசிபுரம் போயிட்டான். சாயந்தரம் நீ வந்து மொபெட்டுல உக்கோந்து பாத்துச் சொல்றயா? ஏழாவது ஒண்ணுதான் பாக்கி.”

“நாளைக்குக் காலைல ஒரு மண்டபப் படம் குடுக்கோணுங்கப்பா. மத்தியானம் பஸ் ஏறிருவேன்.”

“செரி.”

அதோடு விட்டிருக்கலாம். “அனுமதி இல்லாம அந்தப் போர்டைத் தொடறதே குத்தமுங்க. எனக்கு அதுல பங்கு வேண்டாம்” என்றும் சொன்னேன்.

“செரி சாமி. நீ போயிட்டு வா. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.”

“பாத்துச் சொல்றதுல இவ கெட்டிக்காரியாக்கும்” என்றாள் அம்மா. “மூணுவாட்டி தாண்ட வுட்டவ.”

அப்பா சிரித்தார். நான் பஸ் ஏறினேன். மண்டபப் படம் திங்கட்கிழமை தேவைப்படவில்லை. வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். டீயைக் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கவில்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் நான் தனியாக நரிக்கரட்டுக்குப் போனேன். போனில் கோணம் அளக்கும் வசதி உண்டு. ஐந்தாவது பலகை இருபத்துநான்கு பாகை திரும்பியிருந்தது. கணக்குப்படி இருபத்தைந்து. ஆறாவது முப்பத்தொன்று. கணக்குப்படி முப்பது. பிழை ஒரு பாகை. அளவுக் கருவி, மொபெட்டில் உட்கார்ந்த சின்னண்ணன். என்னுடைய முதல் வரைபடத்தில் பிழை முப்பத்தைந்து பாகை வரை இருந்தது. அதற்கு நான் நாலு லட்சம் புள்ளிகள் கொண்ட நிலத்தைத் திரையில் அமைத்திருந்தேன்.

ஏழாவது பலகையின் முன்னால் நின்று, அது பார்க்கும் திசையில் நானும் பார்த்தேன். சாலை இல்லை. ஒரு வேலி, ஒரு தண்ணீர்த் தொட்டி, நீளமான கோழிக் கொட்டகைகள். நாலாயிரம் கோழிகளாவது இருக்கும். வளைவு வருகிறது, கவனமாகப் போகவும் என்று பலகை அவற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் சாலை அலுவலகத்துக்கு எழுதினேன். பிழை என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். திருத்திய வரைபடத்தை இணைத்தேன். அதிலும் கீழ் மூலையில் என் பெயர் இருக்கிறது. ஐந்தும் ஆறும் ஏற்கெனவே சரியான கோணத்தில் இருப்பதாகக் குறிப்பிட்டேன். எப்படி என்று எழுதவில்லை. ஜெகதீஸ்வரனிடம் ஒரு நகல் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். சாலை அலுவலகத்திலிருந்து, கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. வந்து இருபது நாள் ஆகிறது.

போன வாரம் அம்மா மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டத் தெரியாது, துடைப்பாள்.

“இந்தப் பொட்டிக்குள்ள என்னத்தையோ வெச்சிருக்கறாரு. அசைச்சா லொடலொடங்குது. எடுத்து உள்ள வையி.”

திறந்து பார்த்தேன். செய்தித்தாளில் சுற்றிய புது யு கிளாம்ப் இரண்டு. நட்டு நான்கு. ஆக்சா பிளேடு இரண்டு. பதினேழாம் நம்பர் ஸ்பேனர். பாகைமானி இல்லை. அது பீரோவில் ஜியோமெட்ரி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

“என்ன அது?”

“போர்டு சாமானுங்கம்மா.”

“எடுக்கலியா?”

“இருக்கட்டும்.”

அம்மா பெட்டியை மூடிவிட்டு மட்கார்டைத் துடைத்தாள்.

நேற்று சின்னண்ணன் போன் செய்தார். தோள் சரியாகிவிட்டது. மறுபடியும் பால் எடுக்கப் போகிறார், அதே சாலையில்.

“அம்மிணி, மார்கழி பொறக்கப்போவுதுங்க. பனி எறங்கிருச்சுன்னா பாக்கற போர்டே மங்கலாத்தான் தெரியும். அந்த ஏழாவது எங்கீங்க தெரியப்போவுது? ஆறோட முடிஞ்சுதுன்னு வண்டியை நிமித்தறானுங்க. முந்தாநேத்து ஒரு காலேஜ் பையன் வேலிக்கிட்ட போயி நின்னான். நான் பின்னாடிதான் வந்தேன்.”

“ஆபீசுக்கு எழுதியிருக்கறேனுங்க.”

“அவங்க வரட்டுமுங்க, வேண்டாங்கல. அண்ணன் அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு எங்கிட்டயும் சொல்லியிருந்தாருங்க.”



“யாரு திருப்பறது, யாரு பாக்கறதுங்க?” என்று கேட்டேன்.

“நான் பாக்கறனுங்க. எனக்குத்தான் பழக்கம். ஆக்சா நீங்க புடிங்க.”

“நான் புடிச்சதே இல்லீங்களே.”

“நாலு போல்ட்டுதானுங்க அம்மிணி.”

இன்று சனிக்கிழமை. மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டு வைத்திருக்கிறேன். நான்கு போல்ட்டின் மரையையும் அப்பா நசுக்கியிருக்கிறார். நேரில் பார்த்தேன். நன்றாகவே நசுக்கியிருக்கிறார்.